மெல்வில் டூயி: பதவியின் ஆவணங்களும் மனிதரின் தாள்களும்

நூலக இயக்குநர் ஒருவரின் பணிக்காலத்தை அறிய முற்படுவோருக்கு முதலில் கைக்கு வருவன ஆண்டறிக்கைகள். ஓராண்டில் வாங்கிய நூல்கள் எத்தனை, கிளைகள் எத்தனை, அரசிடம் கேட்ட தொகை எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்று அவை வரிசையாகச் சொல்லிவிடும். ஆட்சிக்குழுவின் கூட்டக் குறிப்புகளையும் உடன் வைத்துப் படித்தால் அந்தப் பதவியின் வரலாறு ஏறக்குறைய முழுமையாகவே கிடைத்துவிடும். ஆனால் அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதற்கு அவற்றில் பதில் இராது. அதற்கு அவர் விட்டுச் சென்ற சொந்தத் தாள்களைத்தான் புரட்ட வேண்டும்: வந்த கடிதங்கள், அனுப்பியவற்றின் நகல்கள், நாட்குறிப்புகள், வரவுசெலவுக் கணக்குகள், வழக்கறிஞருக்கு எழுதியவை, அச்சேறாத உரைகள். பெரும்பாலான இயக்குநர்களின் விஷயத்தில் இந்த இருவகை ஆவணங்களும் ஒன்றையொன்று வழிமொழிந்துகொண்டு போகும். நியூயார்க் மாநில நூலகத்தின் இயக்குநராக இருந்த மெல்வில் டூயியின் விஷயத்தில் அவை அப்படி ஒத்துப்போவதில்லை என்பதே அவருடைய தாள்கள் மீண்டும் மீண்டும் படிக்கப்படுவதற்குக் காரணம்.

டூயி தமிழ் வாசகருக்கு அந்நியரல்லர். நூல்களைப் பொருள்வாரியாகப் பத்துப் பிரிவுகளாக வகுத்து எண்ணிடும் டூயி தசமப் பகுப்பு முறையைப் பின்பற்றும் எந்த நூலகத்திலும் தமிழ் இலக்கிய நூலின் முதுகில் 894.811 என்ற எண்ணும், தமிழ் மொழி பற்றிய நூலின் முதுகில் 494.811 என்ற எண்ணும் ஒட்டப்பட்டிருக்கும். இந்து சமயம் 294.5-இல் இருக்கிறது. சமயத்துக்கென ஒதுக்கப்பட்ட 200 வரிசையின் பெரும்பகுதியைக் கிறித்தவம் எடுத்துக்கொண்டதால், உலகின் ஏனைய சமயங்கள் எல்லாம் 290-க்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. 1876-இல் வெளிவந்த 44 பக்கச் சிறுநூல் ஒன்றில் இந்த எண்களுக்கு அடித்தளம் இட்டபோது அவருக்கு வயது 24. அதே ஆண்டில் அமெரிக்க நூலகச் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவராகவும் இருந்தார். அதன் செயலாளராக 1890 வரை நீடித்தார். பின்னர் இருமுறை தலைவரானார்.

அவருடைய பதவிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1883-இல் கொலம்பியா கல்லூரியின் நூலகரானார். 1887 ஜனவரியில் அங்கே உலகின் முதல் நூலகர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். சேர்ந்த மாணவர் 20 பேரில் 17 பேர் பெண்கள். அப்போது கொலம்பியாவில் ஆண்கள் மட்டுமே படித்தனர். பெண்களைச் சேர்க்க அறங்காவலர்கள் இசையவில்லை. வகுப்பறை தரவும் மறுத்தனர். டூயி கல்லூரிச் சிற்றாலயத்தின் மேலே இருந்த ஒரு சாமான் அறையை ஒழித்துச் சுத்தம் செய்து அங்கே வகுப்பை நடத்தினார். இந்தத் துணிவுக்கான விலை 1888 நவம்பரில் பணியிடை நீக்கமாக வந்தது. அடுத்த மாதமே நியூயார்க் மாநிலம் அவரைத் தலைநகரான ஆல்பனிக்கு அழைத்துக்கொண்டது. 1889 முதல் அவர் மாநில நூலகத்தின் இயக்குநர். மாநிலக் கல்வியை மேற்பார்க்கும் ரீஜென்ட்ஸ் என்ற ஆட்சிக்குழுவின் செயலாளரும் அவரே. பள்ளியும் அவருடன் ஆல்பனிக்குப் பெயர்ந்தது.

ஆல்பனியில் அவர் செய்தவை இன்றும் பொது நூலகப் பணியின் இலக்கணமாகவே இருக்கின்றன. மாநில நூலகம் அதுவரை பெரும்பாலும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் அறிஞர்களுக்கும் உரிய இடமாக இருந்தது. டூயி அதைப் பெட்டியில் அடைத்து ஊரூராக அனுப்பினார். 1892-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து மறு ஆண்டு தொடங்கிய நடமாடும் நூலகத் திட்டத்தில், நூலகமே இல்லாத ஒரு கிராமம் 5 டாலர் கட்டணம் செலுத்தினால் 100 நூல்கள் கொண்ட ஒரு தொகுதி 6 மாதங்களுக்கு வந்து சேரும். படித்து முடித்துத் திருப்பியனுப்பினால் அடுத்த தொகுதி வரும். பார்வையற்றோருக்கான நூற்பிரிவும், சட்டமியற்றுவோருக்குத் தகவல் திரட்டித் தரும் தனிப் பிரிவும் அவர் காலத்தில் உருவாயின. ஆண்டறிக்கைகளை மட்டும் படிப்பவர் டூயியை ஐயமின்றி அந்த நூற்றாண்டின் தலைசிறந்த நூலக நிர்வாகி என்று முடிவு கட்டுவார். அந்த முடிவு தவறும் அல்ல.

அவருடைய சொந்தத் தாள்கள் இன்று கொலம்பியா பல்கலைக்கழக நூலகத்தின் அரிய நூல் மற்றும் கையெழுத்துப்படிப் பிரிவில் உள்ளன. எந்த நிறுவனம் அவரைப் பணியிடை நீக்கம் செய்ததோ அதே நிறுவனம்தான் அவருடைய கடிதங்களைக் காத்துவருகிறது. தனி மனிதரின் தாள்கள் அலுவலகத்துக்கு வெளியே தங்கியிருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. 1911 மார்ச் 29 அதிகாலையில் ஆல்பனி சட்டமன்ற மாளிகையில் பற்றிய தீ, அங்கிருந்த மாநில நூலகத்தின் ஏறத்தாழ 4,50,000 நூல்களையும் 2,70,000 கையெழுத்து ஆவணங்களையும் தின்றுவிட்டது. புதிய கட்டடத்துக்குக் குடிபெயர இருந்த வேளையில் நடந்த அழிவு அது. டூயி பதவியை விட்டு விலகி ஐந்தாண்டுகள் கடந்திருந்ததால் அவருடைய சொந்தக் கடிதங்களுக்கு அந்தக் கதி நேரவில்லை.

இவ்வளவு தாள்கள் எப்படிச் சேர்ந்தன என்பதற்கு அவருடைய இயல்பே விடை. நேரத்தை மிச்சப்படுத்துவது அவருக்கு ஒரு வெறியாகவே இருந்தது. 1868-இல் பள்ளியில் தீப்பிடித்தபோது நூல்களைத் தூக்கி வெளியே கொண்டுவந்து, புகையைச் சுவாசித்து, நீண்ட நாள் இருமலில் கிடந்தார்; அதிக காலம் உயிரோடிருக்க மாட்டார் என்று மருத்துவர் சொன்னதாகவும், மீதமுள்ள நாட்களை வீணாக்கக் கூடாது என்ற பதைப்பு அப்போது பிடித்துக்கொண்டதாகவும் அவரே பின்னாளில் சொல்லிவந்தார். மெட்ரிக் அளவை, எழுத்துச் சீர்திருத்தம், சுருக்கெழுத்து ஆகிய மூன்றிலும் அவர் கொண்ட பற்றுக்கு வேர் இதுதான். தன் பெயரில் ஒலிக்காத எழுத்துகளை வெட்டியெறிந்தார்; சில ஆண்டுகள் குடும்பப் பெயரையே மூன்றெழுத்தாகச் சுருக்கி எழுதினார்; கொலம்பியா பதவி வந்தபோது அதைக் கைவிட்டார். இதன் விளைவாக அவருடைய குறிப்புகளைப் படிக்க உட்காருபவர், வழக்கிறந்துபோன ஒரு சுருக்கெழுத்து முறையையும், அவரே நறுக்கிக் குறைத்த எழுத்துக்கூட்டலையும், அவருக்கு மட்டும் விளங்கும் சொற்குறுக்கங்களையும் ஒருசேரச் சமாளிக்க வேண்டும். எதையும் எறியாமல், அதையும் ஒழுங்காக வைத்த மனிதர். தன் வாழ்க்கை வரலாற்றை யாரோ எழுதப்போகிறார்கள் என்று உறுதியாக நம்பியவர். அந்த நம்பிக்கை இல்லாதவராக இருந்திருந்தால் அவருக்கு எதிரான சான்றுகளில் பாதி நமக்குக் கிடைத்திராது என்று எனக்குத் தோன்றுகிறது.

தாள்கள் என்ன செய்ய முடியும் என்பதற்குப் பகுப்பு முறை பிறந்த கதையே நல்ல எடுத்துக்காட்டு. 1920-இல், தன் அறுபதுகளின் இறுதியில், டூயி அதை இப்படி எழுதினார்: ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி மாணவராக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லூரித் தலைவரின் நீண்ட பிரசங்கம் நடந்துகொண்டிருக்க, அதில் ஒரு சொல்லும் காதில் விழாமல் நூல்களை அடுக்கும் சிக்கலிலேயே மனம் ஆழ்ந்திருக்க, திடீரென்று விடை மின்னியது, இருக்கையிலிருந்து துள்ளியெழுந்து கத்திவிடும் நிலைக்கு வந்துவிட்டார். நூலகப் பள்ளிகளில் பல தலைமுறை மாணவர்கள் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தார்கள். அவருடைய 1873-ஆம் ஆண்டுத் தாள்களைப் பார்த்தால் மின்னலைவிட உழைப்புதான் அதிகமாகத் தெரிகிறது. பாஸ்டன் நூலகத்துக்காக நதானியேல் ஷர்ட்லெஃப் 1856-இல் வெளியிட்ட தசம அடுக்கு முறையை அவர் படித்திருந்தார். செயின்ட் லூயிஸ் நூலகத்தில் வில்லியம் ஹாரிஸ் வகுத்த அட்டவணையை அறிந்திருந்தார். அறிவுத் துறைகளைத் தத்துவ அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் வகுத்த வரிசையைத் தலைகீழாக்கிய ஹாரிஸின் ஒழுங்கும் டூயியின் பத்துப் பிரிவுகளும் எவ்வளவு நெருக்கம் என்பது பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். தசமம் சார்ந்த எதற்கும், நூலகம் சார்ந்த எதற்கும் தன் மனம் திறந்தே இருக்கிறது என்று அந்நாளில் அவர் குறித்தும் வைத்தார். 1873 மே 8 அன்று கல்லூரி நூலகக் குழுவுக்கு அவர் கொடுத்த குறிப்பில் திட்டம் தெளிவாக உருவாகிவிட்டது. டூயி பொய் சொன்னார் என்று இதைக் கொண்டு சொல்ல முடியாது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் நினைவு தானாகவே ஒரு கதையைக் கட்டிக்கொள்ளும். எழுதிய தேதியிட்ட தாள் அப்படிக் கட்டிக்கொள்வதில்லை.

பண விஷயத்திலும் தாள்கள் பேசுகின்றன. 1870-களின் இறுதியில் அவர் ஒரே சமயத்தில் நூலகச் சங்கம், மெட்ரிக் இயக்கம், எழுத்துச் சீர்திருத்தச் சங்கம் ஆகியவற்றின் பணத்தையும் தன் வணிக நிறுவனத்தின் பணத்தையும் கலந்து கையாண்டார். 1880-இல் முதலீட்டாளர்கள் நீதிமன்றத்தை நாடித் தடையாணை பெற்றபோதுதான் இது வெளிவந்தது. சங்கங்களின் அச்சிட்ட அறிக்கைகளில் இந்த நெருக்கடி மங்கலாகவே தெரியும். அவர் பணத்தைச் சுருட்டினார் என்று சொல்வதற்கில்லை. தன் நோக்கம் நல்லதாக இருக்கும்போது மற்றவர்களின் விதிகள் தன்னைக் கட்டுப்படுத்தத் தேவையில்லை என்று அவர் கருதினார். அறங்காவலர்களை மீறிப் பெண்களுக்கு வகுப்பு நடத்தியதும் இதே மனப்பாங்குதான்; அங்கே அது நமக்கு இனிக்கிறது.

தாள்கள் எப்போதும் குற்றம் சாட்டுபவையாக மட்டும் இருப்பதில்லை. நூலகப் பள்ளிக்கு விண்ணப்பித்த பெண்களிடம் டூயி மார்பளவு கேட்டார் என்ற கதை நூலகர்களிடையே நெடுங்காலமாக உலவுகிறது. விண்ணப்பப் படிவங்களை ஆராய்ந்தவர்களுக்கு அதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் உயரம், எடை, கண்ணின் நிறம், கூந்தலின் நிறம் ஆகியவற்றைக் கேட்டதும், புகைப்படம் இணைக்கச் சொன்னதும் உண்மை. வதந்தி பொய்யாகிப்போனாலும் அதன் அடியில் இருந்த செய்தி அப்படியே நிற்கிறது.

அவருடைய பதவியைப் பறித்த விவகாரம் லேக் பிளாசிட் கிளப் சார்ந்தது. டூயியும் அவர் மனைவி ஆனியும் 1895-இல் அடிராண்டாக் மலைப்பகுதியில் நிறுவிய அந்த ஓய்வில்லத்தில் யூதர்களுக்கு இடமில்லை. விதிவிலக்கும் இல்லை, எவ்வளவு தகுதி உடையவராயினும். இது மறைவான செய்தியல்ல. கிளப்பின் அச்சிட்ட சுற்றறிக்கையிலேயே இருந்தது. 1905 ஜனவரியில் வழக்கறிஞர் லூயி மார்ஷலும் நியூயார்க்கின் முன்னணி யூதப் பிரமுகர்கள் பலரும் சேர்ந்து ரீஜென்ட்ஸ் குழுவிடம் மனுக் கொடுத்தனர். எல்லாச் சமயத்தாரும் செலுத்தும் வரியிலிருந்து சம்பளம் பெறும் ஒரு மாநில அதிகாரி இப்படிப்பட்ட விலக்கை நடத்திக்கொண்டே பதவியில் இருக்கலாமா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. குழு அவரைப் பகிரங்கமாகக் கண்டித்தது. பதவி நீக்கம் செய்யவில்லை. என்றாலும் அதற்குப் பிறகு அவரால் நீடிக்க இயலவில்லை. அதே ஆண்டில் பதவி விலகலைக் கொடுத்தார்.

இங்கே ஆவண வகைகளின் வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மனுதாரர்களுக்கு டூயியின் சொந்தக் கடிதம் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. அவரே அச்சிட்டு வெளியிட்ட தாள் போதுமானதாக இருந்தது. தனியார் கிளப்பின் உறுப்பினர் விதிக்கும் தன் அரசுப் பணிக்கும் தொடர்பில்லை என்பது அவர் பொதுவெளியில் வைத்த வாதம். கடிதங்களைப் படித்தவர்கள் கண்டது வேறு: அந்த விலக்கு உறுப்பினர்களின் நிர்ப்பந்தத்தால் வந்ததன்று, கிளப்பை நடத்தியவர்களின் விருப்பத்தோடு கட்டிக் காக்கப்பட்டது. அண்டை நிலங்கள் யார் கைக்குப் போகின்றன என்பதில்கூட இந்தக் கண்காணிப்பு இருந்தது.

பெண்கள் தொடர்பான விவகாரம் இதற்கு நேர்மாறானது. அங்கே அச்சிட்ட சான்று ஏதுமில்லை. 1905 ஜூலையில் போர்ட்லாந்தில் நூலகச் சங்க மாநாடு முடிந்ததும் உறுப்பினர்கள் அலாஸ்காவுக்குப் பயணம் சென்றனர். அந்தப் பயணத்தில் டூயி தங்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாகப் பெண் நூலகர்கள் நால்வர் முறையிட்டனர். சங்கத்தின் தலைவர்கள் அதை வெளியே விடவில்லை. விசாரணை என்று எதுவும் நடக்கவில்லை. அவரை மெல்ல ஒதுக்கிவைத்தார்கள். 1906-க்குப் பிறகு, தான் நிறுவிய சங்கத்தில் அவருக்குச் செயலூக்கமான பங்கு இல்லாமல் போனது. சங்கத்தின் அதிகாரபூர்வ வரலாற்றில் இது வெறும் ஓய்வு போலத்தான் காட்சியளித்தது. நடந்தது என்னவென்று தெரிவது கடிதங்களில்தான்: ஒரு நூலகர் இன்னொருவருக்கு எழுதியவை, டூயி தன்னைத் தற்காத்து எழுதியவை, கணவருக்குப் பரிந்து ஆனி எழுதியவை. பெண்களிடம் உரிமையோடு பழகும் தன் வழக்கத்தை டூயி மறுக்கவில்லை. அதில் தவறான எண்ணமில்லை என்பதே அவர் கட்சி. 1930-இல், 78 வயதில், முன்பு தம்மிடம் பணியாற்றிய ஒரு சுருக்கெழுத்தர் தொடர்ந்த வழக்கை 2,000 டாலருக்குச் சற்று மேற்பட்ட தொகை கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு டிசம்பர் 26-இல் ஃபுளோரிடாவில் காலமானார்.

தாள்கள் காப்பாற்றப்பட்டுவிட்டால் உண்மை தானாக வெளிவந்துவிடும் என்று நினைத்தால் அது தவறு. 1932-இல், அதாவது மறைந்த மறு ஆண்டே, லேக் பிளாசிட் கிளப் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டது. அதை எழுதியவருக்குத் தாள்கள் எட்டாமல் இல்லை, ஆனால் நூலின் நோக்கம் துதி. 1944-இல் இரண்டாவது வரலாற்றை எழுதிய ஃப்ரீமான்ட் ரைடர் ஆனியின் உறவுக்காரப் பெண்ணை மணந்தவர். டூயியின் விசித்திரங்களைப் பரிவோடும் சுவையோடும் எழுதினார், கூர்மையான இடங்களை வழுக்கிக்கொண்டு கடந்தார். குடும்பத்துக்கும் கிளப்புக்கும் பகுப்பு முறையின் பதிப்புரிமைக்கும் இடையே இருந்த பிணைப்பு இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்: தசமப் பகுப்பின் உரிமை கிளப் சார்ந்த கல்வி அறக்கட்டளையிடம் இருந்தது, அதை வெளியிட்ட ஃபாரஸ்ட் பிரஸ் 1988-இல்தான் ஓசிஎல்சி என்ற நூலக நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆக, டூயியின் பெயருக்குச் சந்தை மதிப்பு இருந்தது.

நூலக வரலாற்றாசிரியர் வேய்ன் வீகண்ட் 1996-இல் வெளியிட்ட வரலாறுதான் தாள்களை முதலிலிருந்து இறுதிவரை பகைமையும் பக்தியும் இன்றிப் படித்த முதல் முயற்சி. அதை வெளியிட்டது அமெரிக்க நூலகச் சங்கமே என்பதையும் சொல்ல வேண்டும். அவர் கொலம்பியாவின் பெட்டிகளோடு நிற்கவில்லை. ஒருவரின் தாள்களில் அவருக்கு வந்த கடிதங்கள் முழுமையாக இருக்கும். அவர் அனுப்பியவை நகல் எடுத்து வைத்த அளவுக்கே இருக்கும். மற்றவர்கள் தங்களுக்குள் அவரைப் பற்றி எழுதிக்கொண்டவை அறவே இரா. ஆகவே ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக் காப்பகத்துக்கும், பதிப்பாளர் பௌக்கரின் தாள்கள் உள்ள நியூயார்க் பொது நூலகத்துக்கும், இலினாய் பல்கலைக்கழகத்தில் உள்ள நூலகச் சங்கக் காப்பகத்துக்கும் போகாமல் டூயியைப் பற்றி முழுமையாக எழுத இயலாது.

நூல் வெளிவந்தும் உடனே எதுவும் மாறவில்லை. வீகண்ட் எழுதியதை நூலகர்கள் படித்தார்கள், வகுப்பறைகளில் விவாதித்தார்கள். சங்கம் தன் உயரிய விருதுகளுள் ஒன்றை மெல்வில் டூயி பதக்கம் என்ற பெயரிலேயே இன்னும் 23 ஆண்டுகள் வழங்கிக்கொண்டிருந்தது. 2019 ஜூனில் வாஷிங்டன் மாநாட்டில் சங்கத்தின் பேரவை அந்தப் பெயரை நீக்கத் தீர்மானித்தது. இனப் பாகுபாடு, யூத வெறுப்பு, பெண்களிடம் நடந்துகொண்ட விதம் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டியது. மறு ஆண்டு விருதுக்கு வேறு பெயர் வந்தது. புதிய ஆவணம் எதுவும் 2019-இல் கண்டெடுக்கப்படவில்லை. பணியிடத்தில் பெண்கள் படும் தொல்லையைப் பற்றிய பொதுப் பேச்சு அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் மாறியிருந்தது. பழைய தாள்களிடம் கேட்கப்பட்ட கேள்வியும் அதோடு மாறியது. பகுப்பு முறையின் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. அது வணிகச் சின்னமும்கூட.

டூயியின் தாள்களில் ஒரு குறை நிரந்தரமானது. ஒரு இயக்குநர் சேர்த்து வைத்த கடிதக் கட்டுகளில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் அவரிடம் பேசும் குரலில்தான் பேசுவார்கள்: நன்றி, விண்ணப்பம், விளக்கம், அரிதாக ஒரு மறுப்பு. ஆல்பனியில் நூற்பட்டியல் அட்டை எழுதிய, பெட்டி கட்டிய, பயிற்சி பெற்று மாநிலமெங்கும் சிற்றூர் நூலகங்களுக்குப் போன பெண்கள் தங்களுக்குள் என்ன எழுதிக்கொண்டார்கள் என்பது அவர்களுடைய தாள்களில்தான் இருக்க முடியும். தங்களைப் பற்றி வரலாறு எழுதப்படும் என்று எண்ணாதவர்கள் தாள்களைச் சேர்த்து வைப்பதில்லை. அவர்களில் மிகச் சிலருடையவையே காப்பகங்களுக்கு வந்து சேர்ந்தன.